ஒற்று மிகும் இடம்

கேசவ ராவை நான் கடைசியாக உயிரோடு பார்த்தது ஒரு வியாழக்கிழமை. காலை பதினொரு மணி இருக்கும். எங்கள் பிரஸ் வாசலில் செருப்பைக் கழற்றாமல் நின்றார். எப்போதும் கழற்றிவிட்டு உள்ளே வந்து, என் பக்கத்து ஸ்டூலைக் காலாலேயே இழுத்துப் போட்டு உட்காருகிற மனுஷன். அன்றைக்கு நின்றபடியே, "யோவ் புரூப்பு, தையல் கடைக்கு நல்ல தமிழ்ல ஒரு பேரு சொல்லு. போர்டை மாத்தப் போறேன்" என்றார்.

நான் என்ன கேட்டிருக்க வேண்டும்? ஏன்யா மாத்தணும் என்று கேட்டிருக்க வேண்டும். நான் கேட்கவில்லை. "தையல் கடைன்னு எழுதக்கூடாதுய்யா. தையற்கடை. சேர்த்து எழுதறப்ப ல், ற் ஆகும்" என்றேன்.

"ஆகட்டும். பேரைச் சொல்லு."

"தையலகம்னு வையி."

"கேசவன் தையலகம். நடுவுல ஒற்று கிற்று வருமா?"

"வராது."

"வராதுல்ல? சரி" என்றார். போய்விட்டார்.

என்ன வேலை பார்க்கிறீர்கள் என்று கேட்டீர்கள் சார், அதற்குத்தான் பதில் சொல்லிக்கொண்டிருக்கிறேன். ரயில்வே கேட்டும் திறக்கக் காணோம், பஸ் டிரைவரும் கீழே இறங்கி டீக்கடைக்குப் போய்விட்டார். தஞ்சாவூர் போய்ச் சேர எப்படியும் ஒரு மணி நேரம் ஆகும். உங்களுக்குத் தூக்கம் வந்தால் தூங்குங்கள், நான் ஒன்றும் நினைத்துக்கொள்ள மாட்டேன். என் பேச்சில் தூங்கினவர்கள் நிறையப் பேர் உண்டு. என் மனைவி மரகதமே தூங்கியிருக்கிறாள்.

நான் புரூப் பார்க்கிறவன். கும்பகோணத்தில் ஒரு பிரஸ்ஸில் முப்பத்தொரு வருஷம். எட்டாவதோடு படிப்பு நின்றது. ஈய எழுத்துக் கோர்க்க வந்தவன்தான். எழுத்துப் பெட்டியின் எந்த அறையில் எந்த எழுத்து என்று கை தடவித் தடவி, க் எங்கே வரும், ச் எங்கே வரும் என்று எனக்குள் ஒரு வெறி பிடித்துவிட்டது. பழைய இலக்கணப் புத்தகம் ஒன்றை அட்டை இல்லாமல் வாங்கி நானே படித்தேன். வாத்தியார் கிடையாது. அதனால்தான் கர்வம் கொஞ்சம் அதிகம். சொல்லிக்கொடுத்துப் படித்தவனுக்குத் தனக்குத் தெரியாதது இன்னும் எவ்வளவோ இருக்கிறது என்று தெரியும். தானாகப் படித்தவனுக்கு மற்றவனுக்குத் தெரியாதது எவ்வளவு இருக்கிறது என்று மட்டும்தான் தெரியும்.

ஆனால் சார், ஒரு ஒற்றுக்கு இந்த ஊரில் மரியாதை இல்லை. 'திருமண பத்திரிகை' என்று எழுதிக் கொண்டுவருவார்கள். நடுவில் ஒரு ப் வேண்டும் என்பேன். "ப் இல்லேன்னா கல்யாணம் நின்னுடுமா?" என்று ஒருத்தர் கேட்டார். பெண்ணைப் பெற்றவர், அவரிடம் என்ன சொல்வது. கம்ப்யூட்டர் வந்த பிறகு இன்னும் மோசம். முதலாளியின் மகன், "வாட்ஸப்புல அவங்க அனுப்பறதை அப்படியே அடிச்சிடுவோம் சார், பழி நமக்கு வராது" என்பான். வீட்டிலாவது மரகதம் எழுதுகிற மளிகைச் சீட்டைத் திருத்திக்கொண்டிருந்தேன். 'உளுந்து பருப்பு' என்று எழுதுவாள். சிவப்பு மையில் ஒரு ப் போடுவேன். "செட்டியாருக்குப் புரியும், உங்களுக்கென்ன?" என்பாள். அவள் போய் நாலு வருஷம் ஆகிறது. அப்புறம் மளிகைச் சீட்டும் இல்லை.

இந்த நிலைமையில் ஒருநாள் இளஞ்செழியன் வந்தான். முப்பத்தைந்து வயது இருக்கும். மோட்டார் சைக்கிள் ஸ்பேர் பார்ட்ஸ் கடை வைத்திருக்கிறவன். பெற்றவர்கள் வைத்த பேர் சதீஷ்குமார். கையில் பேனருக்கு எழுதின ஒரு மாதிரி: 'மண்மீட்பு பேரவை'. என் வாய் சும்மா இருக்குமா? "தம்பி, மீட்பு பேரவை இல்லை. மீட்புப் பேரவை. நடுவுல ப் வேணும்" என்றேன். வழக்கம்போல எதையாவது சொல்லப்போகிறான் என்று காத்திருந்தேன். அவன் சட்டைப்பையிலிருந்து ஒரு சின்ன நோட்டை எடுத்தான். "இன்னொரு தடவை சொல்லுங்கய்யா" என்றான். எழுதிக்கொண்டான். அடுத்த வாரம் ஸ்பேர் பார்ட்ஸ் கடை மாடியில் புது பேனர் தொங்கியது. ப் இருந்தது. நான் ரோட்டின் எதிர்ப்பக்கம் நின்று அதைப் பார்த்தேன். ரொம்ப நேரம் பார்த்தேன் என்றுதான் சொல்ல வேண்டும், ஒரு ஆட்டோக்காரர் "எங்க போகணும்?" என்று இரண்டு தடவை கேட்டார்.

எல்லாரும் கொள்கைக்காகச் சேருவார்கள், பதவிக்காகச் சேருவார்கள். நான் ஒரு ப்புக்காகச் சேர்ந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அந்த மாடியில் எனக்கு ஒரு நாற்காலி. கை வைத்த நாற்காலி. எதிரே பன்னிரண்டு பேர் தரையில். எல்லாம் வேலைக்குப் போகிற ஆட்கள். லேத் பட்டறை, பாத்திரக் கடை, ஒருத்தன் கோர்ட்டுக் குமாஸ்தா. அவர்களுக்கு நான் ஒற்று மிகும் இடம், மிகாத இடம் சொல்லிக்கொடுத்தேன். ஐயா என்று கூப்பிட்டார்கள். டீ முதலில் எனக்குத்தான் வரும். என் பேர் ஜெகதீசன், அதில் ஒரு ஜ இருக்கிறது, அது வடவெழுத்து என்று உலகநம்பி என்று மாற்றினார்கள். ஐம்பத்தெட்டு வயதில் எனக்குப் பேர் வைத்தார்கள் சார். கைதட்டினார்கள்.

ராவிடம் போய்ச் சொன்னேன். அவர் கடை எங்கள் பிரஸ்ஸிலிருந்து இரண்டு தெரு தள்ளி, உப்புக்காரத் தெருவில். முப்பது வருஷப் பழக்கம். மதியச் சாப்பாட்டுக்கு அப்புறம் அவர் பட்டன் துளைக்குக் காஜா எடுப்பார், நான் பேப்பர் படித்துச் சொல்வேன். படிக்கும்போதே பேப்பரில் இருக்கிற பிழைகளையும் சொல்வேன். அவர் பொறுத்துக்கொள்வார்.

"உலகநம்பியா?" என்றார். "உலகத்தையே நம்பறவன், நான் தைச்ச பட்டனை மட்டும் ஏன்யா தினம் இழுத்து இழுத்துப் பாக்கறே?"

"நம்பின்னா உயர்ந்தவன்னு அர்த்தம்யா."

"அப்ப சரி. சட்டையை ஒரு இஞ்சு ஏத்தி வைக்கிறேன்."

அவர் பேச்சு அப்படித்தான். வீட்டில் மராட்டி பேசுகிற குடும்பம். முந்நூறு வருஷத்துக்கு முன்னால் தஞ்சாவூர் ராஜாவுக்குத் துணி தைக்க வந்தவர்கள். "புனாவுல போயி எங்க மராட்டியைப் பேசினேன், எந்த ஊரு பாஷைன்னு கேட்டான்" என்பார். பேரவைக்காரர்களுக்கு முதல் மாநாட்டுக்குப் பன்னிரண்டு காவிக்கல் நிறச் சட்டை வேண்டியிருந்தது. ராவ்தான் தைத்துக் கொடுத்தார். நான்தான் கூட்டிக்கொண்டு போனேன். எல்லாரும் வரிசையாக நின்று அளவு கொடுத்தார்கள். அதையும் சொல்லிவிட வேண்டும் அல்லவா.

முதல் வருஷம் ஒன்றும் தப்பில்லை சார். கடைகளில் தமிழில் போர்டு வை என்றார்கள். அது நியாயம்தானே? நானே தெருத் தெருவாக நடந்து, பிழையான போர்டுகளைக் குறித்துக் கொடுத்தேன். நூற்றுப் பதினாறு. வெயில் காலம், குடை கூட எடுக்கவில்லை. ஒருநாள் வகுப்பில், "கடை பிடித்தான் என்றால் வாடகைக்குக் கடை எடுத்தான். கடைப்பிடித்தான் என்றால் ஒரு நெறியைப் பின்பற்றினான். ஒரு ப்தான் வித்தியாசம்" என்று சொன்னேன். லேத் பட்டறை ஆள், "நம்மது ரெண்டும்தான்யா" என்றான். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வகுப்பில் யாராவது ஒரு நகைச்சுவை சொன்னால் பாடம் புரிந்திருக்கிறது என்று அர்த்தம் இல்லையா. அப்படித்தான் எடுத்துக்கொண்டேன்.

இரண்டாம் வருஷம் நோட்டீஸில் 'வந்தேறி' என்ற வார்த்தை வந்தது. படிக்கும்போது பல்லில் கல் கடிபட்ட மாதிரி இருந்தது. இளஞ்செழியனிடம் கேட்டேன். "தம்பி, இந்த வார்த்தை..."

"இலக்கணப்படி தப்புங்களா ஐயா?"

யோசித்தேன். வந்து, ஏறி. சேர்த்தால் வந்தேறி. "இலக்கணப்படி தப்பில்லை" என்றேன்.

"அப்புறம் என்னங்கய்யா."

அப்புறம் என்ன? மூன்றாவது நோட்டீஸில் அது பல்லில் படவே இல்லை. 'வந்தேறிகளை கணக்கெடுப்போம்' என்று இருந்தது. ஐயோ என்று பதறினேன். க் இல்லை. வந்தேறிகளைக் கணக்கெடுப்போம். போட்டேன்.

ராவ் அந்த நோட்டீஸைப் படித்துவிட்டு, "ஒற்று ஒற்றுன்னு அலையறியே, ஒற்றன்னா வேவு பாக்கறவன்தானே?" என்று கேட்டார்.

"அது வேற, இது வேறய்யா" என்றேன். "ஒரே சொல்லுக்குப் பல பொருள் உண்டு."

"ம்" என்றார். ஊசியில் நூல் கோர்த்துக்கொண்டிருந்தார்.

கணக்கெடுத்தார்கள். போன வைகாசியில் பட்டியல் பிரஸ்ஸுக்கு வந்தது. தலைப்பு 'இவர்களை புறக்கணிப்போம்'. அதில் ஒரு ப் விட்டுப்போயிருந்தது, அதை முதலில் போட்டேன். கீழே வரிசை எண் போட்டு இருபத்து மூன்று பேர். கடைப் பேர், கதவு எண், தெரு. ஒன்பதாவது: 'ராவ் டெய்லர், 14, உப்புக்காரத் தெரு'.

இங்கேதான் சார் கொஞ்சம் கவனமாகக் கேட்க வேண்டும். ராவ் கடை பதினாலு இல்லை, நாற்பத்தொன்று. எந்தக் காலத்திலோ யாரோ முனிசிபாலிடியில் இலக்கத்தை மாற்றி எழுதிவிட்டார்கள். வோட்டர் லிஸ்டில் பதினாலு, கரண்டு கார்டில் பதினாலு. அவருக்கு வரும் தபால் பதினாலாம் நம்பருக்குத்தான் போகும். பதினாலு கலியமூர்த்தியின் சைக்கிள் கடை. கலியமூர்த்தி தபாலை எடுத்துக்கொண்டு வந்து கொடுத்துவிட்டு ஒரு வெற்றிலை போட்டுக்கொண்டு போவார்.

புரூப் என் மேஜையில் இருக்கிறது. சிவப்புப் பேனா கையில் இருக்கிறது. ராவ் பேரை இரண்டு தடவை படித்தேன், பொய் சொல்லவில்லை. ஆனால் கண் எங்கே போனது தெரியுமா? பதினாலுக்குப் போனது. பாவம் கலியமூர்த்தி, அவருக்கும் இதற்கும் என்ன சம்பந்தம், இவன்கள் போய் அவர் கடை முன்னால் நின்றுவிட்டால்? அப்படித்தான் நினைத்தேன். ஒரு ஏழையைக் காப்பாற்றுகிற மாதிரி நினைத்தேன். இரண்டு இலக்கத்தையும் இடம் மாற்றுவதற்கு ஒரு குறி உண்டு, படுத்த பாம்பு மாதிரி ஒரு வளைவு. ஒன்றுக்கு மேலே ஏறி நாலுக்குக் கீழே இறங்கும். அதைப் போட்டுவிட்டேன். முப்பத்தொரு வருஷம் போட்ட கை. போட்டுவிட்டுத்தான் பார்த்தேன்.

அந்த வரியையே அடித்திருக்கலாம். ஒரு கோடு போதும். யாரும் கேட்டிருக்க மாட்டார்கள், விட்டுப்போச்சு என்று சொல்லியிருக்கலாம். ஆனால் விஷயத்தை நீக்குவது எழுதினவன் வேலை, புரூப் பார்க்கிறவன் வேலை பிழை திருத்துவது. அது தொழில் தர்மம். இளஞ்செழியனிடம் வாயால் சொன்னேன். "ராவ் நல்ல மனுஷன் தம்பி. உங்க சட்டையெல்லாம் அவர் தச்சதுதான்."

"தனி மனுஷனைச் சொல்லலைங்கய்யா. கொள்கையைச் சொல்றோம்" என்றான்.

கொள்கைக்கு எதுக்குத் தம்பி கதவு எண் என்று கேட்டிருக்கலாம். நல்ல கேள்வி. இதோ இந்த பஸ்ஸில் உட்கார்ந்துதான் தோன்றுகிறது.

மூவாயிரம் அடித்தோம். பள்ளிக்கூடம் திறக்கிற சமயம். ராவுக்கு வருஷத்தில் அதுதான் சீசன், யூனிபார்ம் தையல். பேரவை ஆட்கள் ஆறு பேர் கடைக்கு எதிரில் நின்றார்கள். ஒன்றும் செய்யவில்லை சார், யாரும் அவர்மேல் கை வைக்கவில்லை, அதை நான் எங்கே வேண்டுமானாலும் சொல்வேன். துணியோடு வருகிறவர்களிடம் ஒரு நோட்டீஸைக் கொடுத்து, வணக்கம் சொன்னார்கள். பெண்கள் நோட்டீஸை வாங்கிக்கொண்டு துணியோடு திரும்பிப் போனார்கள். மூன்றாம் நாள் யாரோ போர்டில் 'ராவ்' என்பதன் மேல் தார் பூசியிருந்தார்கள். யார் என்று தெரியாது. நான் அந்த வாரம் உப்புக்காரத் தெரு வழியாகப் போகவில்லை. வெயில் அதிகம், மறு தெருவில் மரம் இருக்கிறது.

ஐந்தாம் நாள் வியாழக்கிழமை. அன்றைக்குத்தான் ராவ் பிரஸ்ஸுக்கு வந்தார். பேர் கேட்டார், சொன்னேன், சரி என்று போய்விட்டார் என்று சொன்னேன் இல்லையா. போகவில்லை. இரண்டு அடி நடந்து திரும்பினார்.

"உங்க ஆளுங்க நிக்கறாங்களே, அதுல அந்த லேத் பட்டறைக்காரனுக்கு வயிறு போட்டுடுச்சுய்யா. சட்டை இழுக்குது. பிரிச்சுத் தைக்கணும்னு சொல்லு" என்றார்.

"சொல்றேன்" என்றேன்.

"அப்புறம், நோட்டீஸு பாத்தேன். வோட்டர் லிஸ்ட்ல பதினாலு. கரண்டு ஆபீஸ்ல பதினாலு. என் பொண்ணு கல்யாணத்துக்கு வந்த வாழ்த்துத் தந்தியெல்லாம் பதினாலுக்குத்தான் போச்சு. முதமுதலா இந்த நோட்டீஸ்லதான்யா நாப்பத்தொண்ணுன்னு சரியா போட்டிருக்கான்." என் முகத்தைப் பார்த்தார். கோபமாகப் பார்த்தார் என்று சொன்னால் எனக்குச் சௌகரியமாக இருக்கும். கோபம் இல்லை. தையல் எங்கே விட்டிருக்கிறது என்று துணியைப் பார்ப்பாரே, அப்படிப் பார்த்தார். "யாரோ நல்லா பாக்கறாங்க" என்றார்.

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "வோட்டர் லிஸ்ட்ல திருத்தறதுக்கு ஒரு ஃபாரம் இருக்குய்யா. வேணும்னா எழுதித் தரேன்" என்றேன்.

"இனிமே எதுக்கு" என்றார். அப்புறம்தான் போனார்.

அன்று சாயங்காலம் ஆள் வைக்காமல் தானே ஸ்டூல் போட்டு ஏறிப் போர்டைக் கழற்றியிருக்கிறார். எதிரில் ஆறு பேரும் நின்றுகொண்டுதான் இருந்தார்கள். அறுபத்திரண்டு வயது. போர்டோடு விழுந்துவிட்டார். இடுப்பு எலும்பு. அவரைத் தூக்கி ஆட்டோவில் ஏற்றினது லேத் பட்டறை ஆள்தான் என்று கேள்விப்பட்டேன். பார்த்தீர்களா, அவ்வளவு மோசமானவர்கள் இல்லை. ஆஸ்பத்திரியில் ஒன்பது நாள் இருந்தார். மார்ச்சளி கட்டிப் போய்விட்டார்.

நான் ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை. பேரவையின் மாநாட்டு மலர் நூற்றெட்டுப் பக்கம் புரூப் வந்திருந்தது. அவசரம். ஒரு பக்கத்துக்குப் பத்துப் பிழை. போனால் என்ன பேசுவது என்பதும் இருந்தது. அவர் மனைவி துளசி பாய் என்னிடம் என்றைக்கும், "அண்ணா, சாப்பிட்டாச்சா?" என்றுதான் கேட்பார். அன்றைக்கும் அதைக் கேட்டுவிட்டால்?

கண்ணீர் அஞ்சலி போஸ்டர் எங்கள் பிரஸ்ஸுக்குத்தான் வந்தது. மருமகன் எழுதிக் கொண்டுவந்தார். என் மேஜைக்கு வந்தது. ஒரு தடவை பார்த்தேன், பிழை இல்லை. இன்னொரு தடவை பார்த்தேன். ஒரு ஒற்றாவது விட்டுப்போயிருந்தால் போட்டிருப்பேன். அவருக்கு ஏதோ செய்த மாதிரி இருந்திருக்கும். ஒன்றுமே இல்லை சார். அந்த மனுஷன் வீட்டில் அவ்வளவு சுத்தமாகத் தமிழ் எழுதுகிறார்கள்.

நீங்கள் கேட்கப்போவது தெரிகிறது. இன்னும் அந்த மாடிக்குப் போகிறீர்களா என்றுதானே? இரண்டு ஞாயிற்றுக்கிழமை போகவில்லை. உடம்பு சரியில்லை என்று சொன்னேன். இளஞ்செழியன் வீட்டுக்கே வந்துவிட்டான். ஆரஞ்சுப் பழம் வாங்கிக்கொண்டு வந்தான். மரகதம் போன பிறகு என் வீட்டுக்குப் பழம் வாங்கிக்கொண்டு யார் வந்தார்கள் சொல்லுங்கள். நான் இல்லாமல் இரண்டு நோட்டீஸ் போயிருந்தன. காட்டினான். பார்க்கச் சகிக்கவில்லை. வரிக்கு வரி பிழை. நான் போகாவிட்டால் அவர்கள் நிறுத்திவிடவா போகிறார்கள்? பிழையோடு அடிப்பார்கள், அவ்வளவுதான்.

போன மாதம் பட்டியல் இரண்டாம் பதிப்பு போட்டோம். "ஒன்பதை எடுத்துடலாங்களா ஐயா?" என்று இளஞ்செழியனே கேட்டான். எழுதினவன் சொல்லிவிட்டான், இனி நான் அடிக்கலாம். ஒரு கோடு போட்டேன். பத்தை ஒன்பதாக்கி, பதினொன்றைப் பத்தாக்கி, கடைசி வரைக்கும் வரிசை எண்ணை மாற்றினேன். அங்கேதான் எல்லாரும் கோட்டை விடுவார்கள், நடுவில் ஒன்றை எடுத்துவிட்டுக் கீழே மாற்ற மறந்துவிடுவார்கள்.

கேட் திறந்துவிட்டான் போல இருக்கிறது. ஆமாம், டிரைவர் வருகிறார்.

இப்போது பட்டியலில் இருபத்திரண்டு பேர் இருக்கிறார்கள். எல்லா முகவரியும் சரியாக இருக்கிறது.